லாரிக்குக் கடிகாரம், சர்வருக்கு விடுமுறையா?

நாமக்கல்லிலிருந்தும் சங்ககிரியிலிருந்தும் புறப்படும் லாரியின் மீது எத்தனை கண்கள்! ஓமலூர் சுங்கச் சாவடியைத் தாண்டினால் ஃபாஸ்டேக் நேரம் குறிக்கிறது. மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கென்றால் ஈ-வே பில் கூடவே ஓடுகிறது. 200 கிலோ மீட்டருக்கு ஒரு நாள் என்பது கணக்கு. கெடு முடிவதற்கு முன் 8 மணி, பின் 8 மணி. அதற்குள் இணையத்தில் நீட்டிப்பு வாங்கியாக வேண்டும். தவறினால் லாரியைச் சரக்கோடு மடக்கி, வரியைப்போல் இரு மடங்கு அபராதம் கேட்கச் சட்டம் இடம் தருகிறது.

டிரைவரின் நிமிடத்தை எண்ணும் சர்க்காரைக் கேட்கிறோம்: உங்கள் இயந்திரத்தின் நிமிடத்தை எண்ணுவது யார்?

2018 பிப்ரவரி 1-ந் தேதி நினைவிருக்கிறதா? மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் சரக்குக்கு ஈ-வே பில் கட்டாயம் என்று தம்பட்டம் அடித்த நாள். அன்றே இணையதளம் பளு தாங்காமல் படுத்தது. அன்றே திட்டத்தை ஒத்திப் போட்டார்கள்; ஏப்ரல் 1-ல்தான் மறுபடி அமுலாக்கினார்கள். நாடு முழுவதும் கூக்குரல் எழுந்ததால் மேலே உறைத்தது. ஒரே ஒரு டிரைவர் நள்ளிரவில் சர்வர் கிடைக்காமல் தவித்தால் யாருக்கு உறைக்கும்?

“தனியார் கிளவுடிடம் விடுங்கள், எல்லாம் சரியாகும்” என்று உபதேசிக்கும் கனவான்கள் உண்டு. கிளவுட் என்பது மேகமும் அல்ல, மாயமும் அல்ல. பெருமுதலாளியின் கிடங்கில் வாடகைக்கு ஓடும் கணினி. அதன் யோக்கியதை என்ன?

2017 பிப்ரவரி 28-ல் அமெரிக்காவில் அமேசானின் சேமிப்புச் சேவை சாய்ந்தது. ஊழியர் ஒருவர் இட்ட கட்டளையில் பிழை என்றது கம்பெனி. ஒரு கைப்பிழையில் சாயும்படி கட்டியது யார் குற்றம்? வேடிக்கை இன்னொன்று. “சேவை நலமா?” என்று உலகுக்குச் சொல்லும் அறிவிப்புப் பலகையையே திருத்த முடியவில்லை, அந்தப் பலகையும் விழுந்த சேவையையே நம்பி நின்றது! காவல்காரனைத் திருடன் வீட்டுத் திண்ணையில் படுக்க வைத்த கதை இது.

2025 அக்டோபர் 20-லும் அதே கம்பெனி, அதே வர்ஜீனியா. முகவரிப் பட்டியலைப் பராமரிக்கும் தானியங்கி ஏற்பாடு பழுதுபட்டு, பல நாடுகளில் எத்தனையோ சேவைகள் மணிக்கணக்கில் நின்றன. நஷ்ட ஈடு? ஒப்பந்தப்படி அடுத்த பில்லில் ஒரு பங்கு கழிவு. வாடிக்கையாளனின் நஷ்டம் அவன் தலையில்! 99.9 சதவீத உத்தரவாதம் என்கிறார்கள். கணக்குப் போட்டால் மாதத்துக்கு 43 நிமிடம் படுத்துக் கொள்ள அனுமதி. டிரைவருக்கு அப்படி ஒரு நிமிடம் உண்டா?

மாற்று வழி இல்லையென்று யாரும் ஏய்க்க வேண்டாம். ஃபாஸ்டேக் செல்லுபடியாகி, பணமும் இருந்து, சாவடியின் இயந்திரம் பழுதானால் கட்டணமின்றி வண்டியை விட வேண்டும் என 2018-ல் விதி திருத்தினார்கள். பழுது யாருடையதோ, நஷ்டமும் அவனுடையதே! இந்த நியாயம் சாவடியோடு ஏன் நிற்க வேண்டும்?

ஆகவே நாம் கோருவது: ஈ-வே பில் தளமும், ரேஷன் கடைக் கருவியும், மக்கள் வாழ்வைத் தொடும் ஒவ்வொரு சர்வரும் எத்தனை மணி நின்றன என்பதை, அவற்றை நடத்துவோர் அல்லாத ஒரு பொது அமைப்பு அளந்து, தமிழில் பகிரங்கமாக வெளியிட வேண்டும். தளம் நின்ற நேரம் பில்லின் கெடுவோடு தானாகவே கூட வேண்டும். அந்த நேரத்தில் காகிதச் சீட்டே செல்ல வேண்டும். அதைக் காட்டும் டிரைவரை மடக்கக் கூடாது.

சேலம், நாமக்கல் டிரைவர்களே, கிளீனர்களே, சிறு லாரி உடைமையாளர்களே! “சர்வர் இல்லை” என்று சொன்ன ஒவ்வொரு தடவையும் தேதி, மணி, இடம் குறித்து வையுங்கள். அவர்கள் நம்மை அளக்கிறார்கள். இனி நாமும் அவர்களை அளப்போம். அந்தக் கணக்கோடு கலெக்டர் ஆபீசின் வாசலில் சந்திப்போம்!