இன்னுமா ஆறல?

போன வருசம் ஒரு பயிலரங்குக்குக் கூப்பிட்டிருந்தாங்க. சாதி வன்கொடுமையில் பாதிக்கப்பட்ட பெண்களுக்கு மனநல ஆற்றுப்படுத்தல். ரெண்டு நாள். சாப்பாடு, பஸ் செலவு உண்டு. பத்து வருசமா உண்மையறியும் குழுக்களோடு ஊர் ஊராகப் போகிறவள் என்பதால் எனக்கும் அரைமணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். பேசினேன். கைதட்டினார்கள். ரெண்டாம் நாள் சாயங்காலம் எல்லாருக்கும் ஒரு தாள் கொடுத்தார்கள். பயிலரங்குக்கு முன் உங்கள் வேதனை எவ்வளவு, பின் எவ்வளவு, ஒன்றிலிருந்து பத்துவரை வட்டமிடவும்.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. புருசனைச் சாதிவெறிக்குப் பறிகொடுத்தவர். நான் படித்துச் சொன்னேன். கொஞ்சநேரம் தாளையே பார்த்துக்கிட்டு இருந்தார்.

"முன்னாடி எத்தனையோ அதையே பின்னாடியும் போடு தாயி. கொறச்சுப் போட்டாத்தான் இவுகளுக்குச் சம்பளம் கெடைக்கும்னா கொறச்சே போட்டுக்க. பாவம், நல்ல பிள்ளைகளாத்தான் இருக்குக."

நான் எட்டு என்றும் மூன்று என்றும் வட்டம் போட்டேன். அந்த எட்டுக்கும் மூணுக்கும் நடுவுல நான் எழுதின பொய்யைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதல் நாள் பலகையில் ஐந்து படிகள் எழுதிப் போட்டார்கள். மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு. படியேறி மேலே போனால் துக்கம் முடிந்துவிடுமாம். இது எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969இல் எழுதிய புத்தகத்திலிருந்து வந்தது. அவர் பேசினது சாகக் கிடந்த நோயாளிகளோடு. தன் சாவை ஒரு மனுசி எப்படி எதிர்கொள்கிறாள் என்பதுதான் அவர் பார்த்தது. அடுத்தவன் கையால் புருசனைப் பறிகொடுத்தவளுக்காக அந்தப் படிகளை அவர் கட்டவில்லை. பின்னால் வந்தவர்கள் எல்லா இழப்புக்கும் அதையே சாத்தி வைத்துவிட்டார்கள். கடைசிப் படி 'ஏற்பு'. எதை ஏற்பது? நோயை ஏற்கலாம். வெட்டினவன் ஜாமீனில் வந்து டீக்கடை பெஞ்சில் காலாட்டிக்கிட்டு உட்கார்ந்திருப்பதை ஏற்க வேண்டுமா? ரெண்டாவது படியான கோபத்திலேயே ஆயுசு முழுக்க நின்னா என்ன குறைஞ்சுபோகும்?

இன்னொரு சொல்லையும் அடிக்கடி சொன்னார்கள். ட்ராமாவுக்குப் பிந்தைய மன அழுத்தம். 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் ஏறிய பெயர். வியட்நாம் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களின் நிலைமை அதற்கு முக்கியக் காரணம். அந்தச் சிப்பாய் கடல்தாண்டி வீட்டுக்கு வந்துவிட்டான். போர் அங்கே, அவன் இங்கே. அதனால் அவனுக்குப் 'பிந்தைய' என்ற சொல் பொருந்தும். எங்க பொம்பளைகளுக்கு அந்தப் 'பின்' எங்க இருக்கு? வெட்டு விழுந்த அதே தெரு வழியாத்தான் ரேசன் கடைக்குப் போகணும். அவன் காட்டுலதான் களை எடுக்கணும். பள்ளிக்கூடத்தில் அவன் மகனும் இவள் மகனும் ஒரே வகுப்பு. நடந்துகொண்டிருக்கிற ஒன்றுக்கு நடந்து முடிந்ததன் பெயரை வைத்துவிட்டு, ஏன் இன்னும் ஆறல என்று கேட்கிறார்கள்.

மருத்துவமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இதை அழுத்திச் சொல்லணும், ஏன்னா நம்ம ஆட்கள் சிலபேர் அப்படியும் பேசுகிறார்கள். தூக்கம் வராதவளுக்கு மாத்திரை குடுக்கணும். உயிரை விடத் துணிந்தவளை மருத்துவமனைக்குக் கூட்டிக்கிட்டுப் போகணும். நானே போயிருக்கிறேன், நோயாளியாகவும் போயிருக்கிறேன். பிரான்ஸ் ஃபனான் ஒரு மனநல மருத்துவர்தான். அல்ஜீரியாவில் ப்ளிடா மருத்துவமனையில் வேலை பார்த்தார். 1956இல் அந்த வேலையை ராஜினாமா செய்தார். சொந்த மண்ணிலேயே அந்நியனாக்கப்பட்டவனை அந்த மண்ணோடு பொருந்திப்போக வைப்பது எப்படி வைத்தியமாகும் என்பதுதான் அவர் கேள்வியின் சாரம். வைத்தியத்தை அவர் கைவிடவில்லை. வைத்தியத்தின் பெயரால் அடங்கிப்போகச் சொல்வதைக் கைவிட்டார்.

சரி, அரசாங்கத்துக்கு வருவோம். 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 1995 விதிகள், 2016 திருத்தம் எல்லாம் போராடி வாங்கினவை. அந்த விதிப்படி தரும் பணத்துக்கு நம்ம அரசாங்கம் வைத்திருக்கும் பெயரைப் பாருங்கள். தீருதவி. குடுத்தாச்சு, தீர்ந்துபோச்சு. கொலை என்றால் பாதிப்பணம் பிரேதப் பரிசோதனை முடிந்ததும், மீதிப்பாதி குற்றப்பத்திரிகை கோர்ட்டுக்குப் போனதும். அத்தோடு கலெக்டர் ஆபீஸ் ஃபைல் ஏறக்கட்டியாகிறது. ஆனால் பிணத்தின் பொண்டாட்டிக்கு அன்றைக்குத்தான் வழக்கே ஆரம்பம். சாட்சிக்கூண்டில் ஏறி, எதிர்த்தரப்பு வக்கீல் "உன் புருசன் குடிப்பானாமே" என்று கேட்பதற்குப் பதில் சொல்லும் நாள் இனிமேல்தான் வரப்போகிறது. அந்த நாளுக்கு அவளோடு பஸ் ஏற ஆளில்லை. பணத்தை வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமையும் இல்லை, அதை வாங்கித்தர நானும் நடையா நடந்தவள்தான். அதைத் துக்கத்தின் விலையாக எழுதிக்கொள்ளும்போதுதான் வயிறு எரிகிறது. பணம் வந்த மறுவாரமே ஊர்க்காரன் சொல்வான்: "லட்சக்கணக்குல வாங்கிட்டாள்ல, இன்னும் என்னத்துக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கா?"

சமாதானக் கூட்டம் என்று ஒன்று போடுவார்கள். நடந்தது நடந்துபோச்சு, மறந்துட்டு அண்ணன் தம்பியா இருங்க என்று அதிகாரி சொல்வார். மறக்கச் சொல்லி எப்போதும் நம்ம பக்கம் திரும்பித்தான் சொல்வார். அந்தப் பக்கம் மறக்க எதுவும் இல்லை.

எங்களை மறக்கச் சொல்கிறவர்கள்தான் காயத்தைத் திரும்பத் திரும்பக் கீறுகிறார்கள். 1968 டிசம்பர் 25இல் வெண்மணியில் 44 பேரை எரித்தார்கள். 1973இல் உயர்நீதிமன்றம் மிராசுதார்களை விடுதலை செய்தது. கார் வைத்திருக்கும் பெரிய மனிதர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லையாம். முதல் நெருப்பு ஒரு ராத்திரி எரிந்தது, இரண்டாவது நெருப்பு இன்னும் அணையவில்லை. மேலவளவில் தனித்தொகுதியாக்கப்பட்ட ஊராட்சிக்குத் தலைவரான முருகேசனையும் உடன் வந்தவர்களையும் 1997 ஜூன் 30இல் பஸ்ஸை மறித்து வெட்டிக் கொன்றார்கள். ஆயுள் தண்டனை பெற்றவர்களில் 13 பேரை 2019 நவம்பரில் தமிழக அரசு முன்கூட்டியே விடுதலை செய்தது. இருபத்திரண்டு வருசம் கழித்து, அந்தக் குடும்பங்களுக்கு அது முதல் நாள். வேங்கைவயலில் 2022 டிசம்பரில் தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலத்தைக் கலந்தார்கள். 2025 ஜனவரியில் சிபிசிஐடி குற்றப்பத்திரிகை போட்டது. குற்றவாளிகள் என்று கைகாட்டப்பட்ட மூன்று பேரும் அதே தலித் மக்கள். அந்த மக்கள் அதை ஏற்கவில்லை. ஆறுவதற்கு நாள் குறித்துக் கொடுங்கள் பார்ப்போம், எந்தத் தேதியைக் குறிப்பீர்கள்?

என் அம்மாவைப் பற்றிச் சொல்லணும். தென்மாவட்டக் கலவரக் காலம். 1997. எனக்கு ஏழு வயசு. ராத்திரி சேரிக்குள் தீ வைக்கிறார்கள் என்று சத்தம் கேட்டதும் எங்க ரெண்டு பேரையும் இழுத்துக்கிட்டுக் கம்மாய்க்கரைக் கருவக்காட்டுக்குள் ஓடினாள். விடியிறவரைக்கும் தம்பி வாயைப் பொத்திக்கிட்டே இருந்தாள். திரும்பி வந்து பார்த்தா எங்க வீட்டுக் கூரை இல்லை. ரேசன் கார்டு, சாதிச் சான்றிதழ், பட்டா எதுவும் இல்லை. அதற்கப்புறம் ஆறு மாசம் ஆபீஸ் ஆபீஸாக நாங்கள் இன்னார்தான் என்று நிரூபிக்க அலைந்தாள். அன்றையிலிருந்து வாசக்கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு மஞ்சப்பை தொங்கும். எல்லாக் காகிதமும் அதில் இருக்கும். இப்போது கூரை இல்லை, காங்கிரீட் வீடு. நான் எம்.ஏ. முடித்துவிட்டேன். தம்பிக்கு வேலை கிடைத்துவிட்டது. மஞ்சப்பை மட்டும் நாலுதடவை மாறி, அதே ஆணியில் தொங்குகிறது. கோயில் கொடைக்கு ஊருக்குள் வேட்டுப் போட்டால் அம்மா எழுந்து கதவோரம் போய் நின்றுகொள்வாள். பையைத் தொட்டுக்கொண்டு.

பயிலரங்கில் இதைச் சொன்னேன். ஓர் இளம்பெண், நல்ல பெண்தான், "அம்மா இன்னும் அதிலிருந்து வெளியே வரல" என்றாள். வெளியே வர எங்கே இடமிருக்கு என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. அந்தப் பையை நோய் என்கிறார்கள். எனக்கு அது அறிவாகப் படுகிறது. ஆனால் அதைப் புகழ்ந்து பாடவும் எனக்கு மனசில்லை. முப்பது வருசம் ஆகப்போகிறது, என் அம்மா ஒரு ராத்திரிகூட முழுசாகத் தூங்கியதில்லை. அதை வீரம் என்று எழுதினால் என்னை விடக் கயவாளி இல்லை.

அண்ணல் அம்பேத்கர் 'வெயிட்டிங் ஃபார் எ விசா'வில் பரோடா சம்பவத்தை எழுதியிருக்கிறார். 1917இல் கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு வேலையில் சேர வந்தவரைப் பார்சி விடுதியிலிருந்து தடியோடு வந்த கூட்டம் விரட்டியது. பதினெட்டு வருசமாகியும் அந்தக் காட்சி மங்கவில்லை, நினைக்கும்போதெல்லாம் கண்ணீர் வராமலில்லை என்கிறார். அதற்குள் அவர் மகாடு குளத்துக்குள் இறங்கிவிட்டார், வட்டமேசையில் வாதாடிவிட்டார். அந்த ஆளுக்கே ஆறவில்லை. ஆறாமலே அத்தனையும் செய்தார். நம் தோழர்கள் சிலைக்கு மாலை போடும்போது அந்தக் கண்ணீரை மட்டும் துடைத்துவிட்டுத்தான் போடுகிறார்கள்.

ஆமாம், நம்ம இயக்கங்களையும்தான் சொல்கிறேன். நினைவுநாள் வந்தால் கொலையுண்டவனின் தாயை மேடையேற்றுகிறோம். அழுதால் அழவிட்டு, ரெண்டு நிமிசத்தில் மைக்கை வாங்கி, "அழாதீங்கம்மா, கோபப்படுங்க" என்கிறோம். கூட்டம் முடிந்ததும் அவள் எந்த வண்டியில் ஊர் போய்ச் சேர்ந்தாள் என்று யாருக்கும் தெரியாது. நானும் செய்திருக்கிறேன். அந்தப் பயிலரங்கு அம்மாவிடமே உண்மையறியும் குழு, பத்திரிகை, ஆணைய விசாரணை, ஆவணப்படம் என்று நாலு தடவை அந்த ராத்திரியைச் சொல்ல வைத்தவள் நான். நாலாவது தடவை முடிந்ததும் "இனிமே நீங்க தைரியமா இருக்கணும்மா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அதற்கப்புறம் ரெண்டு வருசம் அந்தப் பக்கம் போகவில்லை. அவர் கதை எனக்கு முடிந்துபோயிருந்தது.

எங்க ஊரில் ஒரு சாவு விழுந்தால் சுத்துப்பட்டுப் பொம்பளைகளெல்லாம் வருவார்கள். வந்தவளெல்லாம் செத்தவனுக்காகவா அழுகிறாள்? கட்டிப்பிடித்து ஒப்பாரி ஆரம்பித்தால் ரெண்டாவது அடியிலேயே பத்து வருசத்துக்கு முன்னாடி செத்த தன் தம்பியைக் கூப்பிடுவாள். அது முடிஞ்சுபோன சாவாச்சே என்று யாரும் கேட்பதில்லை. பதினாறாம் நாள் கருமாதி ஆம்பளைகளுக்கு. உருமாக் கட்டினால் கணக்கு முடியும். ஒப்பாரிக்குக் கருமாதி கிடையாது. பறையை மேடைக்குக் கொண்டுவந்த நம் தோழர்கள், ஒப்பாரியைப் பெரும்பாலும் வீட்டுத் திண்ணையிலேயே விட்டுவிட்டு வந்தார்கள். பொம்பளை அழுகையில் அரசியல் இல்லையாம்.

படித்த படிப்பு சும்மா விடாது, ஓர் இலக்கணமும் சொல்லிவிடுகிறேன். ஆறுதல் என்பது தொழிற்பெயர். தொழிற்பெயர் காலம் காட்டாது. வினைத்தொகைக்கு ஊறுகாய் என்று வகுப்பில் உதாரணம் சொல்வார்கள். ஊறின காய், ஊறுகிற காய், ஊறும் காய், மூன்று காலமும் உள்ளே மறைந்திருக்கும். 'ஆறுபுண்' என்று சொல்லிப் பாருங்கள். தமிழுக்குத் தெரிந்திருக்கிறது, தாசில்தாருக்குத் தெரியவில்லை.

ஆகவே கேட்பது இதுதான். முகாம் நடத்துகிறவர்கள் ரெண்டு நாள் கணக்கை விடுங்கள், அந்தத் தாளையும் விடுங்கள். ரெண்டு வருசம் கழித்தும் வர முடியுமென்றால் வாருங்கள். அரசாங்கம் சாட்சி சொல்லப் போகிறவளைக் குற்றப்பத்திரிகையோடு கைகழுவக் கூடாது. இயக்கங்கள் நினைவுநாளுக்கு மட்டும் வேன் பிடிப்பதை நிறுத்தி, வாய்தாவுக்கும் வேன் பிடிக்க வேண்டும். அழுகிறவளிடம் மைக்கை வாங்காதீர்கள்.

போன மாசம் அந்த அம்மா வீட்டுக்குப் போனேன். நோட்டு எடுத்துக்கிட்டுப் போகல. வாசலில் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தார். நானும் உட்கார்ந்து கொட்டை எடுத்தேன். மழை இல்லாததைப் பற்றிப் பேசினார். மகளுக்குப் பல்வலி. பேரன் சைக்கிள் கேட்கிறான். நடுவில் புருசனைப் பற்றிச் சொன்னார், அவருக்குப் புளிக்குழம்பு சேராதாம், வயித்தெரிச்சல் வருமாம். நாலு தடவை பதிவு பண்ணினேனே, ஒரு தடவைகூட இது வரவில்லை. சொல்லிக்கொண்டே அழுதார். அழுதுகொண்டே புளி தட்டினார்.

கிளம்பும்போது, "பதினேழாம் தேதி வாய்தா இருக்கு தாயி" என்றார்.

"எத்தன மணி பஸ்ஸும்மா?"

"ஆறே கால். விட்டா ஒம்பது மணிக்குத்தான்."

"முதல் நாள் ராத்திரியே வந்து இங்க படுத்துக்கிறேன்."

"வா. சோறு ஆக்கி வைக்கிறேன். புளிக்குழம்பு வைக்கல."