காரையாற்று மணலில் குடித்தனம்

ஆனி பிறந்து பத்து நாள் சென்றால் போதும். சிவகிரிப் பக்கத்து வீடுகள் பலவற்றில் ஒரு கேள்வி கிளம்பிவிடும். "இந்த வருஷம் எத்தனை நாள் தங்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்?" என்பதே அது. எங்கே, எதற்கு என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. சொரிமுத்தையனாரைக் குலதெய்வமாகக் கொண்ட குடும்பங்களுக்கு ஆடி அமாவாசை என்றால் காரையாறு. காரையாறு என்றால் ஆற்றங்கரையில் ஒரு குடில்.

ஏரிக்கரைப் பூங்கா, மணற்கரை, துணிக்கூடாரம், இரவில் தீ மூட்டிச் சுற்றி உட்கார்ந்து பாட்டு ஆகியவற்றையெல்லாம் வர்ணப் படங்களுடன் விளம்பரம் செய்து, ஓர் இரவுக்கு இவ்வளவு ரூபாய் என்று கட்டணமும் போட்டு இக்காலத்தில் அழைக்கிறார்கள். அதைப் பார்க்கும் பிள்ளைகள், "இம்மாதிரி வழக்கம் நம்மவர்களுக்கு ஏன் இல்லாமற் போயிற்று?" என்று கேட்கிறார்கள். 1907-ஆம் வருஷம் பேடன் பவல் இங்கிலாந்தின் பிரௌன்ஸீ தீவுக்குச் சுமார் இருபது சிறுவர்களை அழைத்துப் போய்க் கூடாரம் அடித்துத் தங்கினார். அதிலிருந்து சாரணர் இயக்கம் வளர்ந்தது என்று பாடப் புத்தகத்திலே படிக்கிறார்கள். நல்ல இயக்கந்தான், சந்தேகமில்லை. ஆனால் தங்கள் பாட்டனாரும் பாட்டியாரும் அண்டா, குண்டா, அரிசி மூட்டை சகிதம் மலையேறி, ஓலையும் மூங்கிலும் கொண்டு குடில் கட்டி, ஆற்று மணலிலே குடித்தனம் நடத்திவிட்டு வந்தவர்கள் என்பதைப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லவில்லை போலும்.

இந்த யாத்திரைக்கு ஆடி மாதத்தைப் பெரியவர்கள் தேர்ந்துகொண்டதில் பூகோள சாஸ்திரமும் அடங்கியிருக்கிறது. ஆடியிலே நம் சிவகிரி வட்டாரத்துக் குளங்களை நேயர்கள் நினைத்துப் பார்க்கட்டும். பெரும்பாலானவற்றில் தரை வெடித்துக் கிடக்கும். தென்மேற்குப் பருவக்காற்று மலைக்கு அப்பால் மழையைக் கொட்டிவிட்டு, நம்மிடம் புழுதியை வாரி இறைப்பதற்கு மட்டும் வந்து சேரும். நம் சிவகிரி மலையின் முகட்டில் பிறக்கும் பேரியாறுகூட நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேற்கே போய்விடுகிறது. 1895-இல் பென்னிகுக் என்னும் பொறியாளர் கட்டி முடித்த அணையினால் அதன் நீரில் ஒரு பகுதி கிழக்கே திரும்பிற்று. அதுவும் மதுரைச் சீமைக்கே போய்ச் சேர்ந்தது. நமக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் கதி.

பொதிகைமலையின் சங்கதி வேறு. அங்கே இரண்டு பருவ மழையும் விழுகிறது. ஆகையால்தான் தாமிரபரணி வற்றாத நதியாயிற்று. காய்ந்த ஊரிலிருந்து புறப்பட்டு, தென்காசி, ஆழ்வார்குறிச்சி வழியாகப் பாபநாசம் சென்று மலைப்பாதையில் ஏறும்போது, சாரல் முகத்தில் படுகிறது. முண்டந்துறைக் காட்டைத் தாண்டினால் காரையாற்றங்கரையில் ஐயனார் கோயில். அதற்கும் மேலே, 1940-களில் கட்டி முடிக்கப்பட்ட பாபநாசம் அணையின் நீர்த்தேக்கம், மூன்று புறமும் மலை சூழ, 143 அடி ஆழத்துக்கு நீர் தாங்கும்படி விரிந்து கிடக்கிறது. அதன் கோடியிலே பாணதீர்த்த அருவி வந்து விழுகிறது. ஆடி மாதத்தில் இவ்வளவு ஜலத்தை ஒரே இடத்தில் பார்ப்பது நம் பக்கத்து ஜனங்களுக்கு ஒரு தரிசனமென்றே சொல்ல வேண்டும்.

கோயிலோ, ஒரு தெய்வத்துக்கு மட்டும் உரியதன்று. சொரிமுத்தையனாருடன் சங்கிலி பூதத்தார், பிரம்மராட்சசி, தளவாய் மாடசாமி, தூசி மாடன், பட்டவராயன் என்று ஒரு சபையே அங்கு கூடியிருக்கிறது. பட்டவராயன் சந்நிதியில் பக்தர்கள் தோற்செருப்பைக் காணிக்கையாகக் கட்டுகிறார்கள். முத்துப்பட்டன் என்னும் பிராமண இளைஞன், வாலப்பகடையின் மக்களாகிய பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் மணப்பதற்காகக் குலத்தைத் துறந்து, செருப்புத் தைக்கக் கற்று, பின்னர் மாடுகளைக் காக்கும் சண்டையில் உயிர் துறந்தான் என்பது கதை. அடுத்த வருஷம் வந்து பார்க்கும்போது அச்செருப்புகள் நடந்து தேய்ந்திருக்கும் என்பது நம்பிக்கை. ஜாதி வித்தியாசத்தைப் பற்றி மேடையிலே பேசுகிறவர்களுக்கு முன்னமேயே நம் நாட்டுப்புறத்தார் அதைத் தெய்வத்தின் பாதத்தில் கட்டித் தொங்கவிட்டு விட்டார்கள். சிங்கம்பட்டி ஜமீன்தார் முருகதாஸ் தீர்த்தபதி அவர்கள் ஆடி அமாவாசையன்று ராஜ உடையுடன் இங்கே கொலுவிருந்து காட்சி தந்ததைக் கண்டவர்கள் பலர். அவர் 2020-ஆம் வருஷம் மே மாதத்தில் காலமானார்.

இனி, ஆரம்பத்தில் சொன்ன கேள்விக்கு வருவோம். முற்காலத்தில் அமாவாசைக்குப் பல நாள் முன்பே வந்து குடில் போட்டு, விரதம் முடித்து, பொங்கலிட்டு, மெதுவாக ஊர் திரும்புவார்கள். அண்மை வருஷங்களில் வனத்துறையும் மாவட்ட நிர்வாகமும் நாளைக் கணக்கிட்டு அனுமதி வழங்குகின்றன. சொந்த வாகனங்கள் அகஸ்தியர்பட்டியிலேயே நிறுத்தப்பட்டு, அங்கிருந்து அரசாங்க பஸ்ஸில் ஏறிப் போக வேண்டியிருக்கிறது. பிளாஸ்டிக் சாமான்களைச் சோதனைச் சாவடியில் வாங்கி வைத்துக்கொள்ளுகிறார்கள். இதனால் பலருக்கும் மனத்தாங்கல். "எங்கள் குலதெய்வத்தின் வாசலில் நாங்கள் தங்குவதற்கு அதிகாரிகள் யார் கணக்குப் போட?" என்று கேட்கிறார்கள்.

இக்கேள்வியில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். கோயில் முந்தியது, சரணாலயம் பிந்தியது. முண்டந்துறை 1962-இலும், சிங்கவால் குரங்கைக் காப்பதற்கென்று களக்காடு 1976-இலும் சரணாலயங்கள் ஆயின. 1988-இல் இரண்டும் சேர்ந்து தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் ஆயிற்று. தலைமுறை தலைமுறையாக வந்துகொண்டிருப்பவர்களை ஒரு நாள் திடீரென்று அந்நியர்போல் பார்த்தால் மனம் நோகாதா? வெறும் தடையினால் காடு காப்பாற்றப்படும் என்று நினைப்பதும் சரியன்று. அக்காட்டிலே நேசம் வைத்த ஜனங்கள் இல்லாமற்போனால், நாளைக்கு அதற்கு ஆபத்து வரும்போது குரல் கொடுக்க யார் இருப்பார்கள்?

ஆயினும் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். அன்று நம் பெரியோர் கொண்டுபோனவை ஓலைப்பெட்டி, மண்சட்டி, வாழையிலை, சணல் சாக்கு. அவர்கள் விட்டுவந்தவை ஒரு மழைக்குள் மண்ணோடு மண்ணாயின. இன்று நாம் கொண்டுபோகிறவை சவ்வுத்தாள் பை, தண்ணீர்ப் புட்டி, ஷாம்பு உறை, தெர்மாகோல் தட்டு. இவை பத்து மழைக்கும் மசியமாட்டா. அன்று வந்தவர்கள் சில ஆயிரம் பேர், இன்று பல்லாயிரக்கணக்கானோர். இதுபோதாதென்று, பரிகாரம் என்ற பெயரால் உடுத்த துணியை ஆற்றிலே விட்டுவிட்டு வரும் வழக்கமும் பாபநாசத்தில் பெருகிவிட்டது. தன்னார்வத் தொண்டர்கள் அத்துணிகளை மூட்டை மூட்டையாக இழுத்துக் கரையேற்றுகிறார்கள். பாவத்தை விடுவதற்கென்று போனவர்கள் ஆற்றின் தலையிலே ஒரு பாவத்தை ஏற்றிவிட்டு வருவது என்ன தர்மமோ தெரியவில்லை.

அந்த ஆறு எங்கே போகிறது என்பதையும் ஆலோசிக்க வேண்டும். பொதிகையில் புறப்பட்டு, சுமார் 80 மைல் ஓடி, புன்னைக்காயலில் கடலோடு கலக்கும் வரையில் தாமிரபரணி தமிழ்நாட்டை விட்டு வெளியே போவதேயில்லை. திருநெல்வேலியும் தூத்துக்குடியும் குடிப்பது அந்த நீரைத்தான். நம் பக்கத்துச் சங்கரன்கோவிலுக்கும் புளியங்குடிக்கும் குழாய் வழியே வருவதும் அதே ஜலந்தான். காரையாற்றில் நாம் அலசிய சோப்பு நுரையை யாரோ எங்கோ குடிக்கிறார்கள் என்று எண்ண வேண்டாம். நம் சம்பந்தி வீட்டுச் செம்பிலேயே அது வந்து விழுகிறது.

எங்கள் தெருவிலே ஓர் ஆச்சி இருக்கிறார். ஐம்பது ஆடிக்குக் குறையாமல் மலையேறியவர். வனத்துறையின் கெடுபிடியைப் பற்றி நாலைந்து பேர் திண்ணையில் உட்கார்ந்து ஆவேசமாகப் பேசிக்கொண்டிருந்தபோது, வெற்றிலையை மென்றுகொண்டே அவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "ஏன் சார்வாள், வாடகை வீட்டக் காலி பண்ணும்போதே கூட்டிப் பெருக்கிட்டுத்தான சாவியக் குடுக்கோம்? ஐயனாரு எடத்துக்கு மட்டும் அது கெடையாதோ?"

நாம் பேசிய நியாயங்கள் அத்தனையும் அந்த ஒரு வார்த்தைக்கு முன் நிற்கவில்லை. அது நமக்கு இரவல் இடம். நமக்கு முன்னரே சின்ன மயிலாற்றிலும் பெரிய மயிலாற்றிலும் காணிக்காரர்கள் குடியிருந்து வருகிறார்கள். யானையும் கரடியும் மானும் அவர்களுக்கும் முந்திய குடிகள். இவர்களெல்லாம் வருஷம் முழுவதும் வாழும் இடத்தில் நாம் ஐந்து நாள் விருந்தாளிகள். விருந்தாளியின் மரியாதை அவன் புறப்பட்டுப் போன பிறகு அந்தத் திண்ணை எப்படி இருக்கிறது என்பதில் தெரியும்.

ஆகவே இந்த ஆடிக்குப் புறப்படும் தாய்மார்களுக்குச் சில வார்த்தை. சமையலுக்கும் சாப்பாட்டுக்கும் வீட்டு எவர்சில்வர் பாத்திரங்களையே கட்டிக்கொள்ளுங்கள். சுமை சற்று அதிகமானாலும் எறிவதற்கு ஒன்றும் மிஞ்சாது. சாமான்களைத் துணிப்பையில் போடுங்கள். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி முதல் தமிழ்நாடு முழுவதிலுமே தடை உண்டு. எண்ணெய் தேய்த்துக் குளிப்பதையும் சோப்புப் போட்டுத் துணி துவைப்பதையும் ஊருக்கு வந்து வைத்துக்கொள்ளலாம். அங்கே வெறும் ஸ்நானமே போதும், அதைவிடச் சுகமும் இல்லை. விறகுக்காகக் காட்டு மரத்தில் கை வைக்க வேண்டாம். மிச்சச் சோற்றைக் குரங்குக்குப் போடுவது தருமமன்று. ருசி கண்ட குரங்கு அடுத்த குடிலில் பறிக்கும். கிடா வெட்டுகிறவர்கள் கழிவை ஆற்றில் எறியாமல், அதற்கென்று ஏற்படுத்திய இடத்தில் சேர்க்க வேண்டும். இயற்கை உபாதைக்கு ஆற்றோரத்தை நாடாமல் அமைத்துள்ள கழிப்பிடத்துக்குப் போவதைச் சிறுவர்களுக்கும் பழக்க வேண்டும்.

ஜாக்கிரதை ஒன்றும் சொல்ல வேண்டும். கோயில் அணைக்குக் கீழே இருக்கிறது. மேலே மழை கொட்டினாலோ, அணையிலிருந்து நீர் திறந்தாலோ, கீழே வானம் வெளுத்திருக்கும்போதே ஆறு ஏறிவிடும். 2024 மே மாதத்தில் பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளம் ஒரு சிறுவனை அடித்துக்கொண்டு போனதை நம் ஜில்லாவில் யாரும் மறந்திருக்க முடியாது. ஆகையால் குடிலை மேட்டில் போடுங்கள். நீரோரத்து மணல் மெத்தைபோல் இருக்கிறதென்று குழந்தைகளை அங்கே படுக்க வைக்க வேண்டாம். பாறைகளுக்கு நடுவே கண்ணாடிபோல் தெளிந்து நிற்கும் மடுவிலே ஆழம் தெரியாது. நீந்தத் தெரிந்தவர்களையும் அது ஏமாற்றும்.

மணலைப் பற்றிச் சொன்னதால் இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. ஆற்று மணலில் முழங்கையளவு தோண்டினால் ஊற்று சுரக்கும். கலங்கலை இறைத்துவிட்டுச் சற்றுப் பொறுத்தால் பளிங்குபோல் நீர் ஊறும். மணல்தான் நதியின் வடிகட்டி. வெள்ளக் காலத்து நீரைக் கோடைக்குச் சேமித்து வைக்கும் பத்தாயமும் அதுவே. அந்த மணலைச் சமவெளியிலே லாரி லாரியாக அள்ளிக்கொண்டு போனபோது ஆர். நல்லகண்ணு அவர்கள் வழக்குத் தொடுத்து, 2010-ஆம் வருஷம் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் தாமிரபரணி மணலுக்குத் தடை உத்தரவு பெற்றார். மணலை அள்ளுகிறவர்களைக் கோர்ட்டு தடுக்கலாம். மணலில் குப்பையைப் புதைக்கிறவர்களைத் தடுப்பதற்கு ஒவ்வொருவர் பின்னாலும் ஒரு காவலரை நிறுத்த முடியுமா?

சர்க்கார் நாளைக் குறைப்பதற்குச் சொல்லும் காரணத்தை நாமே இல்லாமற் செய்துவிடலாம். ஒரு குடும்பம் தங்கிய இடம் மறுநாள் யாரும் தங்காத இடம்போல் இருக்குமானால், "இவர்கள் இன்னும் இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகட்டும்" என்று சொல்வதற்கு அதிகாரிகளுக்கும் வாய் வரும். குப்பை மலைபோல் குவியுமானால், இன்று ஐந்து நாளாக இருப்பது நாளை ஒரு நாளாகும். பிறகு, காலையில் போய் மாலையில் திரும்பு என்றாகும். அப்புறம் நம் பேரப்பிள்ளைகள் ஆற்றின் ஓசையைக் கேட்டுக்கொண்டே உறங்குவதற்கு, விளம்பரத்தில் கண்ட எந்த ஏரிக்கரையிலாவது பணம் கட்டித்தான் ஆக வேண்டும்.

மூட்டை முடிச்சுகளின் ஜாபிதாவை எழுதும்போது, அரிசி பருப்புக்குக் கீழே ஒரு வாரியலையும் இரண்டு காலிச் சாக்குகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குடிலைப் பிரித்த பிறகு, வீட்டில் உள்ள சிறு பிள்ளை கையில் அந்த வாரியலைக் கொடுத்து, நாம் இருந்த மணலைப் பெருக்கச் சொல்லுங்கள். சாக்குகள் நிறைந்து ஊருக்குத் திரும்பட்டும்.