சுண்டைக்காய் கால் பணம்

சொந்தத்தில் ஆகாய விமானம் வைத்திருக்கிறார் என்று ஒருவரைப் பற்றிச் சொன்னால் நமக்கு என்ன தோன்றும்? மகாராஜாவாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மில் முதலாளியாக இருக்க வேண்டும் என்றுதானே? அமெரிக்காவில் விஷயம் அப்படியல்ல, வாசகர்களே. அங்கே ஒரு பள்ளிக்கூட வாத்தியாரும் ஒரு பல் வைத்தியரும் இன்னும் இரண்டு பேருமாகக் கூட்டுச் சேர்ந்து, ஐம்பது வயதான செஸ்னா 172 ஒன்றை வைத்துக்கொண்டு, முறை போட்டுப் பறப்பதுண்டு. 1956-ல் விற்பனைக்கு வந்த இந்த விமானத்தைப் போல வேறெந்த விமானமும் இத்தனை எண்ணிக்கையில் செய்யப்பட்டதில்லை. 44,000-க்கு மேல்!

விமானத்துக்கு வயதாகிவிட்டதே என்று யாரும் அங்கே கவலைப்படுவதில்லை. உடம்பு அலுமினியம், இஞ்சினை அவ்வப்போது பிரித்துப் புதுப்பித்துவிடுகிறார்கள். கிழடு தட்டுவது விமானிக்கு எதிரே இருக்கும் பலகைதான். அதிலே ஆறு வட்ட முகங்கள், சுவர்க் கடிகாரக் கடை மாதிரி. பக்கத்தில் ரேடியோப் பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக.

அந்த ஆறில் மூன்றுக்குள்ளே பம்பரம் சுற்றுகிறது. நம் பையன்கள் கயிறு சுற்றி விடுகிற பம்பரத்தின் தத்துவந்தான்: சுற்றிக்கொண்டிருக்கும் வரையில் சாயாது. விமானம் எப்படிப் புரண்டாலும் பம்பரம் தன் நிலையிலேயே நிற்கும். அதை வைத்து, தொடுவானம் எங்கே, இறக்கை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று முள் காட்டிவிடும். 1929 செப்டம்பரில் ஜிம்மி டூலிட்டில் என்பவர் தம் ஆசனத்தை மூடித் திரை போட்டுக்கொண்டு, வெளியே ஒன்றையும் பாராமல், இந்த மாதிரிக் கருவிகளை மட்டுமே நம்பி விமானத்தைக் கிளப்பிப் பறந்து இறக்கிக் காட்டினார்.

இவ்வளவு எதற்கு, விமானிக்குத் தலை கீழா மேலா என்று தெரியாதா என்று கேட்கிறீர்களா? மேகத்துக்குள் நுழைந்துவிட்டால் தெரியாது! காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு நன்றாகப் பொய் சொல்லும். 1954-ல் இல்லினாய்ஸ் சர்வகலாசாலையில், கருவிகளைப் பார்த்து ஓட்டப் பழகாத 20 பேரை வைத்துப் பரீட்சை செய்தார்கள். பக்கத்திலே ஆசிரியர் இருந்ததால் யாருக்கும் ஆபத்தில்லை. வெளியே பார்வை மறைந்த பிறகு அவர்கள் விமானத்தைக் கட்டுக்குள் வைத்திருந்த நேரம், சராசரி 178 விநாடி. மூன்று நிமிஷங்கூட இல்லை.

ஆகவே அந்தப் பம்பரம் உயிர் காக்கும் பம்பரம். அதைச் சுழற்றுவதோ, பழைய விமானங்களில், இஞ்சினோடு சேர்ந்த ஒரு சின்ன உறிஞ்சு பம்பு. உள்ளே கரித் தகடுகள். நேற்று வரை நன்றாக ஓடிய பம்பு இன்று சொல்லாமல் கொள்ளாமல் பொடிப்பொடியாகிவிடும். பம்பு நின்றவுடனே பம்பரம் நின்றுவிடாது. வேகம் குறைந்து, மெள்ள மெள்ளச் சாயும். விமானியும் அதை நம்பி, கூடவே சாய்வார். அங்கேதான் கோளாறு.

கருவி மட்டும் கெட்டுப்போனாலும் பலன் அதேதான். 2000 அக்டோபர் 16-ஆம் தேதி மிஸௌரி மாகாண கவர்னர் மெல் கார்னஹன், மழையும் மேகமுமான ராத்திரியில் ஒரு செஸ்னா 335-ல் பிரயாணம் செய்தார். ஓட்டியவர் அவருடைய சொந்தப் பிள்ளை. இடது பக்கத்துத் தொடுவானக் கருவி வேலை செய்யவில்லை. வலது பக்கத்தில் இருந்ததை எட்டிப் பார்த்து ஓட்ட முயன்றார். விமானம் விழுந்து, அதில் இருந்த மூவரும் மாண்டனர். விமானி திசை தடுமாறியதே காரணம் என்றும், கெட்டுப்போன கருவியும் மோசமான வானிலையும் அதற்குத் துணையாயின என்றும் விசாரணை வாரியம் கூறியது. மூன்று வாரம் கழித்து நடந்த செனெட் தேர்தலில், இறந்துபோன அந்த மனிதருக்கே ஜனங்கள் அதிக வோட்டுப் போட்டார்கள்.

இப்போது நம் வாத்தியாரிடம் வருவோம். கருவி பழுதாகிவிட்டது, மாற்ற வேண்டும். புதிது வாங்கப் பணம் இல்லை. பழைய சாமான் சந்தை இருக்கவே இருக்கிறது. வசதியுள்ளவர்கள் புதுப் பலகை போட்டுக்கொண்டு, கழற்றியதை விற்கிறார்கள். விளம்பரத்தில் ஒரு வாசகம் தவறாமல் வரும்: 'கழற்றியபோது வேலை செய்துகொண்டிருந்தது.'

இந்த வாசகத்தை நம்பலாமா? ரேடியோவானால் ஓரளவு நம்பலாம். அதிலும் கேட்க வேண்டியதைக் கேட்க வேண்டும். பழைய செஸ்னாக்களில் மின்சாரம் 14 வோல்ட். பிற்பாடு வந்தவற்றில் 28. கேஎக்ஸ் 155 என்னும் பெயர்பெற்ற ரேடியோ இரண்டு விதமாகவும் உண்டு. முகத்தைப் பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள்! பின்னாலிருக்கும் சீட்டைப் படிக்காமல் வாங்கியவர் தலையில் துண்டுதான். பெட்டியைச் செருகும் தட்டும் கூட வருகிறதா, அங்கீகாரம் பெற்ற பட்டறை சோதித்துக் கொடுத்த மஞ்சள் சீட்டு உண்டா, இதெல்லாம் காசு கொடுப்பதற்கு முன்னே கேட்கிற கேள்விகள்.

பம்பரக் கருவியோ வேறு ஜாதி. மேஜையிலிருந்து ஒரு சாண் விழுந்தால் போதும், உள்ளே தாங்கும் குண்டுகள் அடிபட்டுவிடும். வெளியே கீறல்கூட இராது. தபாலில் உருண்டு புரண்டு வந்த பம்பரத்தைப் பலகையில் பொருத்தி மேகத்துக்குள் போகிறவரை நான் தைரியசாலி என்று சொல்ல மாட்டேன்.

இன்னொரு விஷயம், கூலி. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, அது இங்கேதான் எழுத்துக்கு எழுத்துப் பலிக்கிறது. மெக்கானிக் பலகையைக் கழற்றினால் பின்னாலே கிடக்கும், ஐம்பது வருஷத்துக் கம்பிக் காடு! எப்போதோ எடுத்துவிட்ட ரேடியோவின் கம்பிகள் எங்கும் போகாமல் தொங்கும். அதையெல்லாம் நீக்கி, விமானத்தின் எடையைத் திரும்பக் கணக்கிட்டு, சர்க்காருக்குத் தாள் எழுதி முடிப்பதற்குள் நாள்கணக்கில் கூலி ஏறிவிடும். அந்தக் கூலி பழைய கருவிக்கும் ஒன்றுதான், புதிய கருவிக்கும் ஒன்றுதான். மலிவு என்று வாங்கியது ஆறு மாதத்தில் படுத்தால், கூலி இரண்டாம் தடவை.

நல்ல வேளையாக 2016-ல் ஒரு கதவு திறந்தது. அதற்கு முன், வீட்டிலே விமானம் கட்டிக்கொள்கிறவர்கள் மலிவான மின்னணுக் கருவிகளை மாட்டிக்கொண்டு பறப்பார்கள். தொழிற்சாலையில் செய்த செஸ்னாக்காரர் அதையே மாட்ட அனுமதி இல்லாமல் ஏக்கத்தோடு பார்ப்பார். அந்த வருஷம் டைனான், கார்மின் கம்பெனிகளின் சிறு கருவிகளைப் பழைய விமானங்களிலும் பொருத்தலாம் என்று அனுமதி வந்தது. அதே வட்டத் துவாரத்துக்கு ஏற்றது. சுற்றுகிற பம்பரம் இல்லை, பம்பு வேண்டாம். மின்சாரம் போனாலும் அதனுடைய பாட்டரி கொஞ்ச நேரம் தாங்கும்.

வாத்தியாரும் கூட்டாளிகளும் என்னைக் கேட்டால், ரேடியோவைச் சந்தையில் வாங்குங்கள், தொடுவானத்தைப் புதிதாக வாங்குங்கள் என்பேன். பணம் போதாவிட்டால் அது சேருகிற வரையில் மேகமில்லாத நாளாகப் பார்த்துப் பறக்கட்டும்.

எல்லாம் பொருத்தி முடிந்த அன்று மெக்கானிக் பழைய பம்பரக் கருவியைத் துணியில் சுற்றி அட்டைப் பெட்டியில் வைத்துச் சொந்தக்காரரிடம் கொடுப்பார். அது கொஞ்ச நாள் கார் ஷெட்டுப் பரணில் கிடக்கும். பிறகு ஒரு நாள் விளம்பரம் வரும்: 'விற்பனைக்கு. கழற்றியபோது வேலை செய்துகொண்டிருந்தது.'