வாக்குத் தவறியவர்கள் யார்?

ஆஃபர் லெட்டரை ஏற்றுக்கொண்டு, சேர வேண்டிய நாளில் வேறு கம்பெனிக்குப் போய்விடுகிற இளைஞர்களைப் பற்றி ஐ.டி. துறையில் ஒரு தீர்ப்பு எழுதியாகிவிட்டது: இந்தத் தலைமுறைக்கு நாணயம் கிடையாது. ஹெச்.ஆர். அதிகாரிகள் சொல்கிறார்கள், வீட்டுப் பெரியவர்களும் ஒத்து ஊதுகிறார்கள். அநியாயமான தீர்ப்பு இது.

2022-ல் படிப்பை முடித்தவர்களுக்கு ஆஃபர் கொடுத்த இன்ஃபோசிஸ், அவர்களில் பலரை 2024 அக்டோபர் வரை காக்க வைத்தது. அப்படிக் காத்திருந்து சேர்ந்தவர்களில் 300-க்கும் மேற்பட்டோரை, உள்தேர்வில் தேறவில்லை என்று 2025 பிப்ரவரியில் மைசூரு வளாகத்திலிருந்து வெளியேற்றியது. விப்ரோ 2023 பிப்ரவரியில், ஆண்டுக்கு ஆறரை லட்சம் என்று சொல்லிக் காக்க வைத்த பிள்ளைகளிடம் மூன்றரை லட்சத்துக்கு வரச் சம்மதமா என்று கேட்டது. காத்திருந்த காலத்தில் கல்விக் கடனின் வட்டி நிற்கவில்லை. இதையெல்லாம் வாக்குத் தவறல் என்று எந்த ஹெச்.ஆர். மாநாட்டிலாவது பேசினார்களா? கம்பெனி செய்தால் சந்தை நிலவரம், பையன் செய்தால் துரோகம்.

அனுபவசாலிகள் விஷயத்தில் கோளாறு இன்னும் ஆழமானது. நம் ஐ.டி. கம்பெனிகளில் 90 நாள் நோட்டீஸ் பீரியட் சாதாரணம். அமெரிக்காவில் இரண்டு வாரம்தான் வழக்கம். ராஜினாமா கொடுத்தவர் மூன்று மாதம் பழைய நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். கையில் இருப்பது, கம்பெனி எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யக்கூடிய ஒரு காகிதம். கடைசி மாதம் நெருங்கியதும் போன் ஓயாமல் அடிக்கும். ஏனென்றால் எல்லோருக்கும் ‘இமீடியட் ஜாயினர்’ வேண்டும். 90 நாள் காத்திருக்க ஒருவருக்கும் பொறுமையில்லை. நோட்டீஸில் இருப்பவர்களாகப் பார்த்துத் தேடி, “கையில் இருக்கிற ஆஃபர் எவ்வளவு?” என்று விசாரித்து, அதற்கு மேல் இரண்டு லட்சம் கூட்டிக் கொடுத்து இழுக்கிறவர் யார்? இன்னொரு கம்பெனியின் ஹெச்.ஆர்.தான். காலையில் அப்படி ஒருவரை இழுத்தவர், மாலையில் தான் பிடித்து வைத்த ஆள் கைநழுவியதும் நாணயம் பேசுகிறார். பழைய கம்பெனி கடைசி வாரத்தில் சம்பளத்தை உயர்த்திப் பிடித்து வைத்துக்கொள்வதும் இதே கதைதான். இந்தச் சந்தையை உருவாக்கியவர்கள் இளைஞர்கள் அல்ல.

சேரும் நாள் காலையில் போனை அணைத்துவிடுகிறவர்களை நான் ஆதரிக்கவில்லை. பத்துப் பேர் வேலை செய்கிற சிறு நிறுவனத்துக்கு அது பெரிய அடி. மனம் மாறிய அன்றே சொல்லிவிட வேண்டும். ஆனால் அப்படி நேர்மையாகச் சொன்னவருக்கு என்ன கிடைக்கிறது? பிளாக் லிஸ்டில் போடுவோம், வக்கீல் நோட்டீஸ் வரும் என்ற மிரட்டல். விருப்பமில்லாதவரை வேலையில் உட்காரச் சொல்லி நீதிமன்றம்கூட உத்தரவிடாது. அது தெரியாத இருபத்திரண்டு வயதுக்காரர் பயந்துபோய்ப் போனை அணைத்துவிடுகிறார்.

வாக்கு நிற்க வேண்டும் என்று உண்மையிலேயே விரும்புகிற கம்பெனி நோட்டீஸை முப்பது நாளாகக் குறைக்கட்டும். ஆஃபரைத் திரும்பப் பெற்றாலோ சேரும் தேதியைத் தள்ளிப்போட்டாலோ மூன்று மாதச் சம்பளம் தருகிறோம் என்று லெட்டரிலேயே எழுதிக் கையெழுத்திடட்டும். அதற்குப் பிறகும் சொல்லாமல் கொள்ளாமல் வராமல் போகிறவரைக் கண்டிக்க நானும் வருகிறேன்.