நாடகப் பாட்டு இனிப்புப் பூச்சு அன்று

கொச்சிப் பள்ளுருத்தியில் வாழ்ந்து 2020 ஏப்ரல் 6 அன்று மறைந்த எம்.கே. அர்ஜுனனைத் தமிழுலகம் பெரும்பாலும் ஒரே வரியில்தான் அறியும்: இளம் ஏ.ஆர். ரகுமானுக்குத் திரையிசையில் வாய்ப்பளித்தவர். ஏறத்தாழ 300 நாடகங்களுக்கு அவர் இசையமைத்தது அடிக்குறிப்பாகிவிடுகிறது. இதனை மறதி என்று சொல்லித் தப்பிக்க இயலாது. கருத்தைச் சுமப்பது வசனம், பாட்டோ கூட்டம் சேர்க்கும் இனிப்புப் பூச்சு என்ற தப்பெண்ணமே இதன் வேர். புரட்சிகர அரங்கைப் போற்றுவோரிடமும் இந்த எண்ணம் குடிகொண்டிருப்பதுதான் விந்தை.

தோப்பில் பாசியின் ‘நிங்ஙளென்னெ கம்யூனிஸ்டாக்கி’யை எடுத்துக்கொள்வோம். 1952 டிசம்பரில் கொல்லம் அருகே சவறையில் கே.பி.ஏ.சி. குழு இதனை அரங்கேற்றியது. நிலவுடைமைக்கு எதிரான போராட்டக் கதைதான். ஆயினும் அதன் நரம்பு காதல். ஓ.என்.வி. குறுப்பின் வரிகளுக்கு தேவராஜன் இசையமைக்க, கே.எஸ். ஜார்ஜும் சுலோசனாவும் மேடையிலேயே பாடினர். வானத்துப் பிறையைப் பொன்னரிவாளாகக் காண்கிறது அதன் புகழ்பெற்ற பாடல். அதில் காதல் எங்கே முடிகிறது, அரசியல் எங்கே தொடங்குகிறது? பிரித்துக் காட்ட வல்லவர் முன்வரட்டும். 1953இல் திருவிதாங்கூர்-கொச்சி அரசு இந்நாடகத்தைத் தடைசெய்தது. வெறும் பொழுதுபோக்கைக் கண்டு அரசுகள் அஞ்சுவதில்லை.

சிவிக் சந்திரன் 1995இல் ‘நிங்ஙளாரெ கம்யூனிஸ்டாக்கி’ என்ற எதிர்நாடகத்தால் எழுப்பிய கேள்வி நியாயமானது. கோபாலனை நேசித்த தலித் பெண் மாலாவின் கையில் கொடிதான் இருந்தது. அவன் காதலோ நிலக்கிழார் மகளுக்குப் போயிற்று. ஆனால் அந்த அநீதியை இன்றும் உணர முடிகிறதென்றால், அக்காதலை நாடகம் அலங்காரமாக வைக்காமல் உயிரோடு வைத்ததனால்தானே?

தமிழர்க்கு இது புதிதன்று. சங்கரதாஸ் சுவாமிகளின் ‘வள்ளி திருமணம்’ காதல் கதைதான். அதில் முருகன் வேடமிட்ட விசுவநாததாஸ் விடுதலைப் பாடல்களைப் பாடிப் பலமுறை சிறை சென்றார். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் அந்த வேடத்திலேயே மேடையில் உயிர்நீத்தார். அவரைக் கைதுசெய்ய வந்த காவலர்கள் பாட்டுக்காகத்தான் வந்தார்கள், வசனத்துக்காக அல்லர்.

அர்ஜுனன் இந்த மரபின் வாரிசு. வறுமையால் சிறுவயதில் பழனி ஆசிரமமொன்றுக்கு அனுப்பப்பட்டு, அங்கே தமிழ் மண்ணில் இசை கற்றவர். ஊர் திரும்பி நாடகக் குழுக்களில் ஆர்மோனியம் வாசித்தார். பின்னர் ஓ. மாதவனும் தேவராஜனும் கே.பி.ஏ.சி.யிலிருந்து விலகி நிறுவிய காளிதாச கலாகேந்திரத்தில் தேவராஜனுக்குத் துணை நின்றார். ‘கறுத்த பௌர்ணமி’ வழியாகத் திரைக்கு வந்தது 1968இல்; அதற்குள் மேடை அவரை முழு இசையமைப்பாளராக்கி இருந்தது. திரைத்துறைக்கான கேரள மாநில விருதோ 2017ஆம் ஆண்டின் ‘பயானகம்’ படத்துக்குத்தான் கிடைத்தது, எண்பது வயதைக் கடந்த பின். நாடகத்துக்கு அத்துறையின் விருதுகள் அதற்கு வெகுகாலம் முன்பே அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தன. அவரைத் ‘திரை இசையமைப்பாளர்’ என்று தொடங்கும் கட்டுரைகள் இந்த ஒரு விவரத்தையாவது முதற்பத்தியில் எழுதத் துணியட்டும்.