பாற்கலன்களுள் காத்த வரலாறு

வரலாறு என்றதும் நமது மாணவரின் மனக்கண்ணில் தோன்றுவன முடிசூடிய மன்னர்களும், யானைப் படைகளும், கோட்டை கொத்தளங்களுமே. பாடநூல்களும் நம்மை அவ்வாறே பழக்கிவிட்டன. கங்கை கொண்டு கடாரம் வென்றவனை அறியாத தமிழ்ப் பிள்ளை அரிது. ஆனால் வாளேந்தாத, முடிசூடாத சாதாரண மனிதர் சிலர், தாளும் பென்சிலும் கொண்டு தம் மக்களின் வரலாற்றைக் காத்த கதையொன்று உண்டு. நம்மவரிடையே அது அதிகம் பேசப்படுவதில்லை. அக்கதையைக் கூறி, அதிலிருந்து நமக்கு உண்டாகும் கடமை ஒன்றையும் மாணவர்க்கும் பெற்றோர்க்கும் எடுத்துரைக்க விழைகின்றோம்.

1939 செப்டெம்பரில் ஹிட்லரின் ஜேர்மனி போலந்து நாட்டின்மீது படையெடுத்தது. மறு ஆண்டு நவம்பரில், தலைநகர் வார்சோவின் யூத மக்கள் யாவரும் நகரின் ஒரு பகுதிக்குள் அடைக்கப்பட்டனர். சுற்றிலும் 10 அடி உயர மதில் எழுந்தது. ஏறத்தாழ 3.4 சதுர கிலோமீற்றர் பரப்பினுள் 4 இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள். சராசரியாக ஓர் அறைக்கு 7 பேர். 1942 இன் நடுப்பகுதிக்கு முன்னரே 80,000 இற்கு மேற்பட்டோர் பட்டினியாலும் தொற்றுநோயாலும் மாண்டனர்.

அம்மதிலுக்குள் அகப்பட்டவருள் ஒருவர் இம்மானுவேல் ரிங்கெல்புளும். அவர் வரலாற்றில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். பாடசாலையில் வரலாறு கற்பித்த ஆசிரியர். கொன்றவர் எழுதுவதே கொல்லப்பட்டவரின் வரலாறாகிவிடலாகாது என்பது அவரது கவலை. ஆகவே ஆசிரியர், எழுத்தாளர், வணிகர், சமயகுரு எனப் பலதரப்பட்ட சுமார் 60 பேரைக் கொண்ட இரகசியக் குழுவொன்றை அமைத்தார். சனிக்கிழமை தோறும் கூடியமையால் 'ஓய்னெக் ஷபெஸ்' எனக் குழுவுக்குப் பெயரிட்டனர். ஓய்வுநாளின் மகிழ்ச்சி என்பது அதன் பொருள். பகைவர் காதில் விழுந்தாலும் ஐயம் எழாத பெயர் அது.

அவர்கள் சேர்த்தவை எவை என்று கேட்டால் வியப்பு உண்டாகும். உணவுப் பங்கீட்டு அட்டைகள், டிராம் வண்டிச் சீட்டுகள், இனிப்புச் சுற்றிய தாள்கள், சுவரொட்டிகள், கடிதங்கள், நாட்குறிப்புகள், பாடசாலைப் பிள்ளைகளின் கட்டுரைகள். அறிஞர் மட்டும் எழுதவில்லை, சிறுவரும் எழுதினர். அவர்களின் வீட்டு மொழியாகிய யிடிஷிலும், நாட்டு மொழியாகிய போலிஷ் மொழியிலும் எழுதினர். கொலைமுகாமொன்றிலிருந்து தப்பிவந்த ஒருவரின் வாக்குமூலத்தையும் அவர்கள் பதிவுசெய்தனர். இத்தகைய செய்திகள் போலந்தின் இரகசிய இயக்கத்தவர் வாயிலாக லண்டனை எட்டின. 1942 ஜூன் மாதத்தில் லண்டன் வானொலி யூதப் படுகொலைகளை உலகுக்கு அறிவித்தது.

இன்னுமொன்று நாம் ஊன்றிக் கவனிக்கத்தக்கது. தம்மவரின் பெருமையை மட்டும் எழுதுமாறு ரிங்கெல்புளும் பணிக்கவில்லை. அயலவன் பட்டினி கிடக்கத் தான் பணம் சேர்த்தவனைப் பற்றியும், தம் மக்களையே பிடித்துக் கொடுத்த யூதக் காவலரைப் பற்றியும் எழுதச் செய்தார். உண்மை முழுமையாய் இருத்தல் வேண்டும் என்பதே அவரது கொள்கை.

1942 ஜூலை 22 ஆம் நாள் பேரழிவு தொடங்கியது. இரண்டு மாதங்களுக்குள் இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் புகையிரதங்களில் திரெப்லிங்கா கொலைமுகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அந்நாட்களில் இஸ்ரேல் லிக்டென்ஷ்டைன் என்ற ஆசிரியரும், அவருடைய பழைய மாணவர் இருவரும், சேர்த்த ஏடுகளைப் பத்துத் தகரப் பெட்டிகளில் இட்டுப் பாடசாலைக் கட்டடமொன்றின் அடியில் புதைத்தனர். மாணவருள் தாவித் கிராபெருக்கு வயது 19. நாஹும் கிஷிவாச்சுக்கு 18. மூவரும் தத்தம் இறுதி மடலையும் உள்ளே வைத்தனர். நாஹும் எழுதிக்கொண்டிருக்கையிலேயே தன் பெற்றோரின் தெரு சுற்றிவளைக்கப்பட்ட செய்தி வருகிறது. அதனையும் எழுதுகிறான். பெற்றோரைப் பார்க்க ஓடப்போவதாகவும், தன் பெயரை நினைவில் வைத்திருக்குமாறும் குறித்துவிட்டு எழுந்து செல்கிறான். அம்மூவரில் எவரும் போரின் முடிவைக் காணவில்லை.

1943 பெப்ரவரியில் எஞ்சிய ஏடுகளின் ஒரு பகுதி இரண்டு பெரிய பாற்கலன்களில் அடைக்கப்பட்டு அதே இடத்தில் புதைக்கப்பட்டது. அவ்வாண்டு வசந்தத்தில் அங்கு மூண்ட எழுச்சியை அடக்கிய ஜேர்மானியர், அப்பகுதி முழுவதையும் தரைமட்டமாக்கினர். மதிலுக்கு வெளியே நிலவறையொன்றில் மறைந்திருந்தும் எழுதுவதை விடாத ரிங்கெல்புளும், 1944 மார்ச்சில் காட்டிக்கொடுக்கப்பட்டு, மனைவியுடனும் மகனுடனும் கொல்லப்பட்டார்.

குழுவில் உயிர்பிழைத்தோர் மூவர் மட்டுமே. அவருள் ஒருவரான ஹெர்ஷ் வாசர் இடத்தைக் காட்ட, 1946 செப்டெம்பரில் செங்கற் குவியல்களைக் குடைந்து தகரப் பெட்டிகளை மீட்டனர். நீர் புகுந்தமையால் பல தாள்கள் நைந்திருந்தன. பாற்கலன்களை 1950 டிசெம்பரில் கட்டடத் தொழிலாளர் தற்செயலாகக் கண்டெடுத்தனர். அவற்றுள் இருந்தவை பெரிதும் பழுதின்றிக் கிடைத்தன. மூன்றாவது புதையல் இன்னமும் அகப்படவில்லை. கிடைத்த ஏறத்தாழ 35,000 பக்கங்கள் வார்சோவில் பேணப்படுகின்றன. 1999 இல் யுனெஸ்கோ நிறுவனம் அவற்றை 'உலக நினைவகம்' பட்டியலில் சேர்த்தது.

இக்கதைக்கும் தமிழ்ப் பாடசாலையின் ஆண்டுவிழா மலருக்கும் என்ன தொடர்பு என்று சிலர் வினவக்கூடும். அவர்தம் துயரையும் நம் துயரையும் ஒரே தராசில் நிறுப்பது எமது நோக்கமன்று. அவர்கள் செய்ததை நாம் செய்கின்றோமா என்பதே எமது வினா.

1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் சாம்பராயின. அதனை ஆண்டுதோறும் நினைவுகூருகின்றோம், அது தகும். ஆயின் ஓசையின்றி எரிந்துகொண்டிருக்கும் இன்னொரு நூலகம் நம் வீடுகளிலேயே உண்டு. அது நமது முதியோரின் நினைவு. இடப்பெயர்வுகளில் பாடசாலைகளின் வரவு இடாப்புகளும் சம்பவத் திரட்டுப் புத்தகங்களும் அழிந்தன. எந்த வாங்கில் எந்தப் பிள்ளை இருந்தது என்பதற்கு இன்று மனித நினைவைத் தவிர வேறு சான்றில்லை. வகுப்பறையையும் கரும்பலகையையும் விட்டு வந்த எம் போன்றோர் இதனை நன்கு அறிவோம். அந்நினைவுடையோர் ஒவ்வொருவராய் மறைகின்றனர்.

அந்நினைவுகள் யாவும் தமிழிலேயே உள்ளன. அம்மம்மாவிடம் நாலு கேள்வி கேட்கத் தமிழறியாத பேரப்பிள்ளைக்கு அந்நூலகத்தின் கதவு திறவாது. தமிழ் படித்து என்ன பயன், பரீட்சைக்கு உதவுமா என்று பிள்ளைகள் கேட்கின்றனர். பெற்றோர் சிலரும் மனத்துள் கேட்கின்றனர். எமது விடை இதுதான்: உன் குடும்பம் கடந்துவந்த பாதையை உனக்குச் சொல்லக்கூடியவரின் மொழி இது. இதனைவிடப் பெரிய பயனை நாம் அறியோம்.

ஆகவே ஒரு கருத்தைத் துணிந்து கூறுகின்றோம். பெற்றோர் எழுதிக் கொடுத்த பேச்சை, பிறமொழி எழுத்தில் குறித்து வைத்து, பொருள் அறியாமல் மனனம் செய்து மேடையில் ஒப்புவிக்கும் பத்து நிமிடத்தினும், பிள்ளை தன் கையால் பிழையோடு எழுதும் ஒரு பக்கம் மேலானது. பேச்சுப் போட்டி வேண்டாம் என்பதல்ல. ஆனால் அதற்கு வைக்கும் கேடயங்களில் ஒன்றையேனும், வீட்டு முதியவரைக் கேட்டு எழுதும் பிள்ளைக்கு நாம் ஏன் வைக்கலாகாது?

மாணவச் செல்வங்களே, ஒரு கொப்பி போதும். ஊர், ஆண்டு, பெயர் ஆகிய மூன்றையும் மறவாது குறியுங்கள். போரை மட்டும் கேளாதீர்கள். படித்த பாடசாலை, ஏறிய பேருந்து, பங்கீட்டுக் கடையின் வரிசை, விளையாடிய விளையாட்டு, இருந்த வீட்டின் முற்றம் யாவற்றையும் கேளுங்கள். பழைய அடையாள அட்டை, பிரயாணச் சீட்டு, கடித உறை எதனையும் எறியவிடாதீர்கள்.

பெற்றோரே, கேட்கும் பிள்ளைக்கு உண்மையைச் சொல்லுங்கள். நாம் பட்டதை மட்டுமன்றி, நம்மவர் பிறர்க்கு இழைத்ததையும் சொல்லுங்கள். சாதியின் பேரால் கிணறுகளும் கோயிற் கதவுகளும் மறுக்கப்பட்டதையும், 1990 ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம் மக்கள் நமது பெயரால் வெளியேற்றப்பட்டதையும் விட்டுவிட்டு எழுதும் வரலாறு பாதி வரலாறே. பாதியை மறைத்தவன் கூறும் மறுபாதியை உலகு நம்பாது. மரணத்தின் வாயிலில் நின்ற ரிங்கெல்புளுமின் குழுவினர் தம் குறைகளையும் எழுதினர். அச்சமின்றி வாழும் நாம் எழுதத் தயங்குவது அழகன்று.

வார்சோவின் மாணவர்க்கு நேரம் இருக்கவில்லை. நமது பிள்ளைகளுக்கு மேசையும் விளக்கும் அமைதியும் உண்டு. அடுத்த ஆண்டு மலரிலே நம் பிள்ளைகள் கேட்டறிந்து எழுதிய பத்துப் பக்கங்களேனும் இடம்பெறல் வேண்டும் என்பது எமது அவா. அவற்றைத் திருத்தித் தரும் வேலையை ஆசிரியராகிய நாம் மனமுவந்து ஏற்போம்.