தொல்லையா, கூலியா? முதலில் அதைத் தீர்மானியுங்கள்

லண்டன் கோலியர்ஸ் வுட்டில் ஒரு மண்டபம். போன சனிக்கிழமை நம் சமூகத்துப் பெரியவர் ஒருவர் கணினி படிக்கும் பெடியளைப் பார்த்து முக்கால் மணி நேரம் முழங்கினார். லினக்ஸ், ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரேஆபீஸ் மாதிரியான பெரிய திறமூலத் திட்டங்களின் பக்கம் புதியவர்கள் தலைவைத்தும் படுக்கக் கூடாதாம். அங்கே போனால் அனுபவசாலிகளுக்கு அவர்கள் வெறும் தொல்லையாம். போதாக்குறைக்கு அவர்களுடைய உழைப்பைப் பெரிய கம்பெனிகள் ஓசியில் உறிஞ்சிவிடுமாம். ஆகவே வீட்டிலிருந்தபடி தனியாகச் சின்னச் சின்ன நிரல் எழுதிப் பழகுவதே உத்தமமாம். பலத்த கைதட்டல்.

தட்டிய கைகள் ஓய்ந்த பிறகாவது யாரேனும் யோசித்தார்களா? புதியவரின் வேலை குப்பை என்றால் கம்பெனிக்காரன் உறிஞ்ச அதில் என்ன இருக்கிறது? உறிஞ்சும் அளவுக்குச் சாறு இருக்கிறதென்றால் அது எப்படித் தொல்லையாகும்? மாடு மலடு என்று சாதித்துவிட்டு, அதன் பாலைத் திருடுகிறார்கள் என்று வழக்கும் போடுகிற தர்க்கம் இது. இதைக் கட்டியெழுப்ப முக்கால் மணி நேரம் அதிகம்தான்.

தொல்லைக்குச் சாட்சியாக 2020 அக்டோபரை இழுத்துவந்தார். டிஜிட்டல்ஓஷன் நிறுவனம் நடத்திய ஹாக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்ச்சியில் திறமூலத் திட்டங்களுக்கு நான்கு புல் ரெக்வெஸ்ட் (திருத்தக் கோரிக்கை) அனுப்பினால் டி-ஷர்ட் என்றதும், ரீட்மீ கோப்பில் ஒரு சொல்லைச் செருகி அனுப்பிய கூட்டத்தால் பராமரிப்பாளர்கள் திணறியது உண்மை. (நம் பக்கத்துப் பெயர்களுக்கும் அதில் பஞ்சமில்லை, வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.) அடுத்து நடந்ததை ஏன் விழுங்கினார்? சம்மதம் தெரிவித்த திட்டங்களுக்கு அனுப்பினால்தான் கணக்கு என்று அந்த மாதத் தொடக்கத்திலேயே விதியைத் திருத்தினார்கள். பந்தி விசாரிப்பு மோசமாக இருந்ததால் அதைச் சீர்செய்தார்கள். விருந்தாளிகளை விரட்டி இலையைச் சுருட்டிவிடவில்லை.

அவருடைய பிரம்மாஸ்திரம் எக்ஸ்இசட். "முன்பின் தெரியாதவனை உள்ளே விட்டதன் பலனைப் பார்த்தீர்களா?" என்று மேசையைத் தட்டினார். நாங்கள் பார்த்தோம், அவர்தான் பாதியில் எழுந்துவிட்டார் போலிருக்கிறது. லினக்ஸ் உலகமெங்கும் தரவைச் சுருக்கப் பயன்படும் அந்தச் சிறு நிரலை ஃபின்லாந்துக்காரரான லாஸ்ஸே கொல்லின் ஏறத்தாழத் தனியாளாகத் தாங்கிவந்தார். தனக்கு மனநலச் சிக்கல் இருக்கிறது, இது சம்பளமில்லாத பொழுதுபோக்கு வேலை என்று 2022இல் அவரே பொதுவில் எழுதினார். வேகம் போதாதென்று சில பெயர்கள் அவரை நெருக்கிக்கொண்டிருக்க, 2021 முதல் பொறுமையாகத் திருத்தங்கள் அனுப்பி நம்பிக்கை சம்பாதித்த 'ஜியா டான்' என்ற பெயர் பக்கத்தில் வந்து நின்றது. 2024 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் வந்த 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கள்ளக்கதவு வைத்தாயிற்று. இதில் பேச்சாளர் பயப்படும் கத்துக்குட்டி எங்கே இருக்கிறார்? அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்தது கைதேர்ந்த ஆள். அனுபவத்தை அளவுகோலாக்கி வாசலில் காவல் போட்டிருந்தால், முதலில் தேறி உள்ளே போயிருப்பவரே அவர்தான்! கொல்லினைச் சுற்றி ஐந்தாறு புதியவர்கள் வளர்ந்திருந்தால், களைத்துப்போன மனிதர் கொத்துச்சாவியை வந்த ஒருவரிடமே நீட்ட நேர்ந்திருக்குமா?

சதியைப் பிடித்தவரைப் பற்றி மூச்சுவிடவில்லை. ஆண்ட்ரஸ் ஃபிராய்ண்ட் போஸ்ட்கிரெஸ் தரவுத்தள நிரலர், எக்ஸ்இசட்டுக்கு வெளியாள். எஸ்எஸ்ஹெச் வழியாகக் கணினிக்குள் நுழைய அரை நொடி கூடுதலாகிறதே என்று துருவிப் போய், 2024 மார்ச் 29 அன்று உலகத்துக்கு அறிவித்தார். பேச்சாளரின் சட்டப்படி அவரிடமும் "உனக்கென்ன வேலை இங்கே?" என்றுதான் கேட்டிருக்க வேண்டும்.

ஓசி உழைப்பு என்ற புலம்பலில் ஓர் இழை நியாயம் உண்டு. கோடிகளில் புரளும் கம்பெனிகள் இந்த நிரல்களின்மேல் உட்கார்ந்துகொண்டு பராமரிப்பாளருக்கு ஒரு பென்னி கொடுக்காத கதைகள் உண்டு. அதற்குக் கம்பெனியிடம் பணம் கேட்க வேண்டும். பெடியனை வீட்டுக்கு அனுப்பினால் தீருமா? 2005இல் தொடங்கிய கூகிள் சம்மர் ஆஃப் கோட் உதவித்தொகை கொடுத்துத்தான் புதியவர்களை இத்திட்டங்களுக்குள் அனுப்புகிறது. அதன் முதல் பத்தாண்டில் உலகத்திலேயே அதிக மாணவர்கள் தேர்வானது நம் இலங்கைத் தீவின் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்திலிருந்து. 2004 டிசம்பர் 26 அன்று கடல் ஊருக்குள் வந்தபோது, காணாமல்போனவர்களைத் தேடவும் முகாம்களைக் கணக்கெடுக்கவும் இலங்கைத் தன்னார்வ நிரலர்கள் அவசர அவசரமாக எழுதிய திறமூல நிரல்தான் சஹானா. அடுத்த ஆண்டே பாகிஸ்தான் நிலநடுக்கத்துக்கும், 2010இல் ஹெய்டிக்கும் போனது. அவர்களை அங்கே உறிஞ்சிய கம்பெனி எதுவென்று பெரியவர் பெயர் சொல்லட்டும்.

மிச்சமிருப்பது அந்தத் தனிமைத் தவம். கரையில் நின்று கையை வீசி நீச்சல் பழகச் சொல்கிறார். பிறர் எழுதிய லட்சக்கணக்கான வரிகளுக்குள் வழி கண்டுபிடிப்பதல்லவா இந்தத் தொழிலின் பாதி? 2010இல் லிப்ரேஆபீஸ் பிறந்தபோது அதன் நிரல் முழுக்க ஜெர்மன் குறிப்புகள். மூதாதையான ஸ்டார்ஆபீஸ் ஜெர்மனிக்காரர்களின் படைப்பு. அவற்றை ஆங்கிலத்தில் பெயர்க்கும் வேலையை 'ஈஸி ஹேக்ஸ்' பட்டியலில் வைத்துப் புதியவர்களை அழைத்தார்கள். எந்த வித்தகர் உட்கார்ந்து அதைச் செய்வார்? புதியவர்களை வேலையிலேயே பழக்குவது புதிய வழக்கமும் அல்ல. மண்டபத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், வாண்டில் ஆற்றங்கரையில், 1881இல் கைவினைக் கலைஞர் வில்லியம் மோரிஸ் பட்டறை போட்டார்; சித்திரத் தறியில் பையன்களை உட்காரவைத்தார். அவருடைய கடையில் சாதாரணச் சிப்பந்தியாகச் சேர்ந்த ஜான் ஹென்றி டியர்ல்தான் அவருக்குப் பின் கலைப்பிரிவின் தலைவரானார். வீட்டில் தனியாகக் கைக்குட்டை நெய்து பழகிக்கொண்டு வா என்று மோரிஸ் அனுப்பிவைக்கவில்லை.

இத்தனை படித்தவர் ஏன் இப்படிப் பேசுகிறார் என்று குழம்பியபடி வெளியே வந்தேன். வாசலில் ஒரு துண்டுப் பிரசுரம் தந்தார்கள்: பெரியவர் நடத்தும் வார இறுதி நிரலாக்க வகுப்பு. முடிவில் ஒவ்வொரு மாணவரும் தனியாகவே ஒரு கால்குலேட்டர் செய்துவிடுவாராம். கட்டணத்தைத் தவணையிலும் கட்டலாம்.